கொறங்காட்டில் உண்போரும் ஊட்டுவோரும்

தாவரம் தனக்கு வேண்டிய ஆகாரத்தைத் தானே சமைத்துக்கொள்கிறது என்றும், பிராணி அவ்வாறு சமைக்க மாட்டாமையால் தாவரத்தையோ மற்றொரு பிராணியையோ உண்டு ஜீவிக்கிறது என்றும் பள்ளிப் பருவத்தில் நாம் கற்ற பாடம் பிழையுடையதன்று. சூரிய வெளிச்சத்தின் சக்தியைக் கொண்டு, காற்றிலுள்ள கரியமிலவாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் சர்க்கரையாக இணைக்கும் வித்தை பச்சிலைக்கு உண்டு, பசுவுக்கு இல்லை. எனினும் இந்தப் பாகுபாட்டை மட்டும் துணையாகக் கொண்டு, காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளக்கோவில் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் வறண்ட மேய்ச்சல் நிலம் ஒன்றை ஆராயப் புகுவோமானால், விரைவிலேயே விடை காணவியலாத வினாக்கள் சில எதிர்ப்படும். ஆண்டில் பாதி நாள் சத்தற்ற சருகாக நிற்கும் புல்லை மேய்ந்து ஒரு காளை தன் திமிலையும் தசையையும் எவ்வாறு வளர்த்துக்கொள்கிறது? மூட்டை உரம் கண்டறியாத செம்மண் சரளையில் அந்தப் புல்தான் ஆண்டுதோறும் எவ்வாறு தழைக்கிறது? புல்லைத் தனியே எடுத்து ஆராய்ந்தாலும் காளையைத் தனியே எடுத்து ஆராய்ந்தாலும் இவற்றுக்கு முழுமையான விடை கிடைப்பதில்லை. உணவூட்டத்தின் அலகு தனியொரு தாவரமும் அன்று, தனியொரு பிராணியும் அன்று, வேலியிட்டு அடைத்த அந்த நிலம் முழுவதுமே ஆகும் என்று கொண்டால்தான் கணக்குச் சரியாகிறது. இக்கட்டுரை நிறுவ முற்படுவது அந்த ஒரு கருத்தையே.

நிலமும் வேலியும்

கிணற்றுப் பாசனமுள்ள பூமியைத் தோட்டம் என்றும், வானம் பார்த்த பூமியைக் காடு என்றும் வழங்கும் இப்பிரதேசத்தில், மேய்ச்சலுக்கென்றே விடப்பட்ட மானாவாரி நிலம் கொறங்காடு எனப்படும். ஊர்ப் பொதுவான மந்தைவெளியைப் போலன்றி இது தனியொருவரது பட்டா நிலம். ஆகவே அதைப் பேணும் பொறுப்பும் அவருடையதே. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்திருப்பதால், ஆனி, ஆடி மாதங்களில் இங்கே காற்று ஓயாது வீசுமேயன்றி மழை மிகுதியாகப் பெய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது; ஆண்டு முழுவதும் பெய்வதைக் கூட்டினாலும் சுமார் 600 மில்லிமீட்டர்தான் தேறும். அந்த மழையும் சில நாட்களிலேயே கொட்டி முடிந்து, மற்றைய மாதங்களை வெயிலுக்கு விட்டுவிடுகிறது.

இத்தகைய நிலத்தில் மூன்று அடுக்குகளாகத் தாவரங்கள் நிற்கக் காணலாம். தரையில் கொழுக்கட்டைப் புல்லும், அதனூடே நரிப்பயறு, செப்பு நெருஞ்சி முதலான அவரைக் குலத்துச் சிறு கொடிகளும் செடிகளும் படர்ந்திருக்கும். அவற்றுக்கு மேலே இடைவிட்டு இடைவிட்டு வெள்வேல மரங்கள் குடை விரித்து நிற்கும். நாற்புறமும் முள்கிளுவை வேலி சூழ்ந்திருக்கும். கிளுவைப் போத்துகளை நெருக்கமாக ஊன்றி வளர்த்த அந்த உயிர்வேலி ஆடுமாடுகளை உள்ளே நிறுத்துவதோடு, தன் இலையையும் அவற்றுக்குத் தீவனமாகத் தருகிறது. நிலத்தை இவ்வாறே பல துண்டுகளாக வேலியிட்டுப் பிரித்து, ஒன்றில் மேய்ச்சல் நடக்கும்போது மற்றவற்றில் புல் தளிர்க்க இடங்கொடுத்து, முறை மாற்றி மேய்ப்பது இங்குள்ள குடியானவர் பரம்பரையாகக் கைக்கொண்டுவரும் ஒழுங்கு. காங்கேயம் மாடுகளும் மேச்சேரி ஆடுகளும் இந்த ஒழுங்கில் வளர்ந்தவையே. ஆழக் கிணறுகளில் கவலை இறைக்கவும், கடினமான செம்மண்ணில் ஏர் இழுக்கவும், பாரவண்டி பூட்டவும் இந்நாட்டார் நம்பியிருந்த எருதுகளின் சரீர பலம் அனைத்தும் பெரும்பாலும் இந்தப் புல்லிலிருந்தே பிறந்தது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தாரின் பட்டிகளில் பேணி வளர்க்கப்பட்டுப் பெயர்பெற்ற இனமும் இதுவே.

புல்லின் சிக்கனம்

தாவரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்று நெடுங்காலம் நம்பியிருந்த மேலைநாட்டாரிடையே, தொட்டியில் வளர்த்த வில்லோ மரமொன்றையும் அதன் மண்ணையும் நிறுத்துப் பார்த்து, மரம் பெருத்த அளவுக்கு மண் குறையவில்லை என்று காட்டியவர் வான் ஹெல்மாண்ட். அவருடைய குறிப்பு அவர் இறந்தபின் 1648-இல் வெளியாயிற்று. அவர் மரத்தின் உடல் முழுவதும் நீரிலிருந்து வந்தது என்று முடிவு செய்தார். காற்றின் பங்கை அறிய மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1779-இல் இங்கன்ஹவுஸ், வெயில் பட்ட பச்சைப் பாகங்களே பிராணவாயுவை வெளியிடுகின்றன என்று நிறுவினார். இந்த வரலாற்றின் மிக அண்மைக்கால அத்தியாயம் ஒன்று கரும்பைப் பற்றியது. ஆகையால் அது கோயம்புத்தூருக்கு அந்நியமானதன்று.

1912-இல் கோயம்புத்தூரில் தோன்றிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும், அவருக்குப் பின் வெங்கட்ராமனும், இனிப்பு மிகுந்த கரும்பைக் காட்டு நாணலோடு ஒட்டுச் சேர்த்து 'கோ 205' முதலான இரகங்களை உண்டாக்கினர்; 'கோ' என்னும் முன்னெழுத்தோடு அவ்வரிசை இரகங்கள் உலகின் பல நாடுகளிலும் பயிராயின. ஆயினும் கரும்பு ஏன் வேறெந்தப் பயிரையும் மிஞ்சும் வேகத்தில் வெயிலைச் சர்க்கரையாக்குகிறது என்பது அக்காலத்தில் விளங்கவில்லை. ஹவாய்த் தீவுக் கரும்பு ஆய்வாளர்கள் கண்ட குறிப்பொன்றைத் தொடர்ந்து, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் சர்க்கரைக் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் ஹாட்ச், ஸ்லாக் என்னும் இருவர் 1966-இல் அதற்கு விடை கண்டனர். நெல், பருத்தி, நிலக்கடலை முதலான பெரும்பாலான தாவரங்களில், காற்றிலிருந்து பிடிபட்ட கரி முதலில் மூன்று கரியணுக்கள் கொண்ட சேர்மமாகத் தோன்றுகிறது; கரும்பிலோ அது நான்கு கரியணுக்கள் கொண்ட அமிலமாகத் தோன்றுகிறது. கம்பு, சோளம், ராகி, மக்காச்சோளம் ஆகியவையும், நம் கொழுக்கட்டைப் புல்லும் இந்த இரண்டாவது வகுப்பைச் சேர்ந்தவை.

இவ்வேற்றுமை ஏட்டளவில் நிற்பதன்று. இலையில் கரியமிலவாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்னும் நொதிக்கு ஒரு பலவீனம் உண்டு: வெப்பம் மிகுந்தால் அது கரியமிலவாயுவுக்குப் பதிலாகப் பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு, செய்த வேலையில் ஒரு பகுதியை வீணாக்கிவிடுகிறது. கொழுக்கட்டைப் புல்லின் இலையைக் குறுக்கே மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், ஒவ்வொரு நரம்பையும் சுற்றித் தடித்த சுவரும் அடர்ந்த பச்சையமும் கொண்ட உயிரணுக்கள் ஒரு வளையமாக அமைந்திருக்கக் காணலாம். வெளியிலுள்ள உயிரணுக்கள், பிராணவாயுவால் ஏமாறாத வேறொரு நொதியைக் கொண்டு கரியமிலவாயுவைப் பிடித்து, நான்கு கரி அமிலமாக்கி, அந்த வளையத்துக்குள் செலுத்துகின்றன. உள்ளே அவ்வமிலம் பிளந்து கரியமிலவாயு செறிந்து நிற்பதால், ரூபிஸ்கோ தவறிழைக்க வாய்ப்பு அரிதாகிறது. இதன் விளைவாக இரண்டு சிக்கனங்கள் ஏற்படுகின்றன. இலைத்துளைகளை அகலத் திறந்து வைக்க அவசியமில்லாமையால், ஒரே எடையுள்ள உலர்பொருளை உண்டாக்க நெல் முதலியன செலவிடும் நீரில் ஏறத்தாழப் பாதியே போதுமானதாகிறது. ரூபிஸ்கோ குறைந்த அளவில் இருந்தாலே வேலை நடப்பதால், அந்த நொதியைக் கட்ட வேண்டிய நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, மிச்சப்படுகிறது.

600 மில்லிமீட்டர் மழையும் வளங்குறைந்த சரளையும் வாய்த்த நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான புல் அமைவது அரிது. ஆயினும் அந்தப் புல்லும் தனியே நின்று இவ்வித்தையைச் செய்வதில்லை. மண்ணில் சுண்ணாம்போடு பிணைந்து எளிதில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தை அதன் வேர் ஒன்றே எட்டிப் பிடிப்பது கடினம். வேரைப் பற்றி வாழும் பூஞ்சைகளின் நூலிழைகள் வேர்த்தூவிகள் எட்டாத இடுக்குகளிலும் நுழைந்து அதைக் கொணர்ந்து தர, கைம்மாறாகப் புல் தான் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை அவற்றுக்கு அளிக்கிறது. தன் ஆகாரத்தைத் தானே சமைத்துக்கொள்வதாகச் சொல்லப்படும் தாவரம், அடுப்புக்கு வேண்டிய சில பொருள்களைப் பிறர் கையால் பெற்றே சமைக்கிறது.

பசுவின் முதல் இரைப்பை

புல் தன் உடலின் பெரும்பகுதியைச் செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளாக நெய்து வைத்திருக்கிறது. அதுவும் சர்க்கரையின் தொடரே. ஆனால் அத்தொடரின் கணுக்கள் அரிசி மாவின் கணுக்களினின்றும் வேறுபட்ட முறையில் இணைந்திருப்பதால், அவற்றை அவிழ்க்கும் நொதி முதுகெலும்புள்ள பிராணி எதன் சரீரத்திலும் சுரப்பதில்லை. பசுவும் இதற்கு விலக்கன்று. அப்படியானால் அது புல்லை எவ்வாறு ஜீரணிக்கிறது?

மேயும் பசுவை அருகில் நின்று கவனிப்போம். மேல்தாடையின் முன்புறத்தில் அதற்குப் பற்களில்லை. கடினமான ஈறு மட்டுமே உண்டு. நாவை நீட்டிப் புல்கற்றையை வளைத்து, கீழ்ப்பற்களுக்கும் அந்த ஈறுக்கும் இடையே அழுத்தித் தலையை ஓர் அசைப்பு அசைத்துப் பறித்து, ஏறக்குறைய மெல்லாமலே விழுங்குகிறது. வெயில் ஏறியதும் வெள்வேலின் நிழலில் படுத்துக்கொள்கிறது. சற்று நேரத்தில் அதன் கழுத்தின் இடப்புறத்தில் ஓர் உருண்டை கீழிருந்து மேலேறுவது கண்ணுக்குத் தெரியும், தாடை பக்கவாட்டில் அரைக்கத் தொடங்கும், ஒரு நிமிஷத்துக்குச் சற்று முன்பின்னாக அரைத்தபின் உருண்டை இறங்கும், அடுத்தது ஏறும். நாளொன்றில் ஏழெட்டு மணி நேரம் இவ்வாறு அசைபோடுவதில் கழிகிறது. அரைபட்ட கவளம் சென்று சேரும் முதல் இரைப்பை பசுவின் வயிற்றறையில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெரும் பை. காற்று புகாமல், 39 பாகை வெப்பத்தில், இட்லி மாவு புளிக்கும் பாத்திரத்தைப்போல் ஓயாது புளித்துக்கொண்டிருப்பது. அதன் நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரம் கோடி அளவில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றோடு ஓரணு ஜீவிகளும் பூஞ்சைகளும் உள்ளன. அந்த ஓரணு ஜீவிகளை 1843-இலேயே பாரிஸ் நகரத்தைச் சேர்ந்த குரூபியும் டெலஃபோனும் கண்டு எழுதினர். காற்றுப் பட்டால் மடியும் இந்நுண்ணுயிர்களை வளர்த்துப் பிரித்தறியும் முறையை வகுத்த ஹங்கேட் தம் பெருநூலை வெளியிட்டது 1966-இல், அதாவது ஹாட்சும் ஸ்லாக்கும் கரும்பின் இரகசியத்தை வெளியிட்ட அதே ஆண்டில். பூஞ்சைகளை ஆர்ப்பின் இனங்கண்டு சொன்னது 1975-இல். புல்லும் பசுவும் தம் உணவை ஆக்கும் வழி, மனிதர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மாடு மேய்த்த பிறகே, ஒரு தலைமுறைக்குள் புலனாயிற்று.

நாரை அவிழ்க்கும் நொதியைச் சுரப்பவை இந்த நுண்ணுயிர்களே. செல்லுலோஸைச் சர்க்கரையாக்கி, அச்சர்க்கரையைக் காற்றில்லாத நிலையில் தாமே உண்டு, அசெட்டிக், புரொப்பியோனிக், பியூட்ரிக் என்னும் சிறு அமிலங்களைக் கழிவாக வெளியேற்றுகின்றன. அந்தக் கழிவே பசுவின் ஆகாரம். இரைப்பைச் சுவரின் வழியே இரத்தத்தில் கலக்கும் இவ்வமிலங்கள் பசுவின் சக்தித் தேவையில் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தருகின்றன; எஞ்சிய மீத்தேன் வாயு ஏப்பமாக வெளியேறுகிறது. இவ்வளவு அமிலம் ஊறும் இடத்தில் நுண்ணுயிர்கள் மடியாமல் காப்பது உமிழ்நீர். பெரிய கறவை மாடொன்று நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேலாகச் சுரக்கும் கார உமிழ்நீர் அமிலத்தைத் தணித்துக்கொண்டே இருக்கிறது. பிறகு அந்த நுண்ணுயிர்களும் உணவோடு அடித்துச் செல்லப்பட்டு நான்காவது இரைப்பையை அடைகின்றன. அங்கே பாக்டீரியாவின் உடற்சுவரை உடைக்கும் லைசோசைம் என்னும் நொதி மிகுதியாகச் சுரந்து காத்திருக்கிறது. நுண்ணுயிர்களின் உடலே பசுவின் புரதத்தில் பெரும்பங்காகிறது. ஆகவே, வாயால் புல்லையும் வயிற்றால் நுண்ணுயிரையும் அது உண்கிறது என்று சொல்வதே சாஸ்திரப்படி சரியானது.

இம்முறையின் சிறப்பு யானையோடு ஒப்பிடும்போது நன்கு விளங்கும். மருதமலை அடிவாரத்திலும் ஆனைகட்டி வழியிலும் கிடக்கும் யானையின் இலண்டத்தைப் பார்த்தவர்கள், அதில் நார் நீள நீளமாக அப்படியே கிடப்பதைக் கண்டிருப்பார்கள். யானைக்கும் நுண்ணுயிர்கள் உண்டு; ஆனால் அவை குடலின் பின்பகுதியில், இரைப்பையைத் தாண்டிய இடத்தில் இருப்பதால், அவற்றின் உடலை ஜீரணித்துப் புரதமாக்கிக்கொள்ள அதற்கு வழியில்லை; ஆகவே அது மிகுதியாகத் தின்று, விரைவாகக் கழித்து வாழ்கிறது. பசுவின் சாணம் மென்மையாக இருப்பது, தின்ற நார் முன்பே பல கை மாறி அரைபட்டதன் அடையாளம்.

சிக்கனத்தின் மறுபுறம்

இனி, இக்கட்டுரையின் மையமான முடிச்சுக்கு வருகிறோம். கொழுக்கட்டைப் புல் நைட்ரஜனைச் சிக்கனமாகச் செலவிட்டு வாழ்கிறது என்று கண்டோம். அந்தச் சிக்கனம் புல்லுக்கு வரம். அதை மேயும் மாட்டுக்கோ பஞ்சம். நைட்ரஜன் குறைந்த இலையில் புரதமும் குறைவு. அதிலும் ஒரு பகுதி, நரம்பைச் சூழ்ந்த தடித்த சுவருள்ள உயிரணுக்களுக்குள் அடைபட்டு, எளிதில் கரையாமல் தங்குகிறது. மழைக்காலத் தளிரில் இக்குறை தெரியாது. தை, மாசி கடந்து புல் முற்றி உலர்ந்து நிற்கும்போது புரதம் மிகவும் தாழ்ந்துவிடுகிறது. தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் முதல் இரைப்பையின் நுண்ணுயிர்கள் பெருக மாட்டா என்பதும், அவை பெருகாவிட்டால் நார் அவிழாமல் தேங்கி, மாடு வயிறு நிறைந்தவாறே மெலிந்து போகும் என்பதும் கால்நடை ஆய்வாளர் வெப்பநாடுகள் பலவற்றில் கண்டறிந்த உண்மை. பசுவின் சரீரம் இதற்கு ஓரளவு ஈடு செய்யும்: சிறுநீரில் கழிய வேண்டிய யூரியாவை உமிழ்நீர் வழியாகவும் இரைப்பைச் சுவர் வழியாகவும் நுண்ணுயிர்களுக்கே திருப்பி அளிக்கிறது. ஆனால் புதிதாக ஒன்றும் வராமல், உள்ளதையே சுற்றி விடும் அந்த உபாயத்துக்கு எல்லை உண்டு.

அந்த எல்லையில்தான் கொறங்காட்டின் மற்ற அடுக்குகள் உதவிக்கு வருகின்றன. நரிப்பயற்றின் வேரைப் பறித்துக் கழுவிப் பார்த்தால், கடுகளவும் மிளகளவுமாக முண்டுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும். அந்தச் செந்நிறம் உயிருள்ள முண்டின் அறிகுறி. 1886-இல் ஹெல்ரீகல், அவரைக் குலத்துத் தாவரங்கள் இம்முண்டுகளின் வழியே காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெறுகின்றன என்று அறிவித்தார். 1888-இல் பெய்ஜரிங்க் அதைச் செய்யும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். நிலத்தில் இல்லாத நைட்ரஜனைக் காற்றிலிருந்து கொணரும் இந்த வாசல் கொறங்காட்டில் இல்லையேல், புல்லின் சிக்கனம் மாட்டைப் பட்டினி போட்டிருக்கும். புரட்டாசி, ஐப்பசியில் கொள்ளு விதைப்பதைக் கொங்குக் குடியானவர் கைவிடாததும், கொள்ளுப் பயிருக்குப் பின் வரும் வெள்ளாமை தேறும் என்று சொல்லிவந்ததும் இவ்வுண்மையை அனுபவத்தால் உணர்ந்தே. நைட்ரஜன் கிடைக்காத இடத்தில் தாவரம் எத்துணை தூரம் செல்லும் என்பதற்கு நீலகிரியின் சதுப்பு நிலங்களில் வளரும் டிரோசீரா சாட்சி: பசைத்துளிகள் நிறைந்த இலையால் பூச்சியைப் பிடித்து, நொதி சுரந்து, அதன் புரதத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகாரம் சமைக்கும் தாவரமே இங்கே உண்ணும் ஜீவனாகவும் இருக்கிறது.

வெள்வேலின் பங்கு காலத்தைப் பற்றியது. ஆழ வேரோடிய அம்மரம் மேல்மண் காய்ந்த பிறகும் பசுமை காக்க வல்லது. அதன் காய்கள் முதிர்ந்து உதிர்வது பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில், அதாவது புல் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது. உலர்ந்த புல்லில் உள்ளதைவிட அக்காய்களில் புரதம் கணிசமாக மிகுதி. ஆடுகள் மர நிழலில் கூடி அவற்றைப் பொறுக்கித் தின்ன, கடினத் தோலுடைய விதைகள் பல ஜீரணமாகாமல் குடலைக் கடந்து, தோல் இளகி, முளைக்கத் தக்க நிலையில் எருவோடு நிலத்தில் விழுகின்றன. மரம் ஆட்டுக்கு உணவளிக்கிறது. ஆடு மரத்துக்கு விதைப்பு வேலையைச் செய்கிறது. ஒன்றின் வறுமைக்காலம் மற்றொன்றின் செழிப்புக்காலமாக அமையும்படி இத்தாவரங்களைப் பிரித்தும் சேர்த்தும் விட்டு வைத்தது கொங்கு விவசாயியின் தேர்வு. இயற்கை தானே வரைந்து கொடுத்த திட்டம் அன்று.

உணவும் நஞ்சும்

ஊட்டுவோர் பலர் என்றால், அவர்கள் எப்போதும் நன்மையே செய்வர் என்பதில்லை. மழை பொய்த்து முழங்காலளவில் வாடி நிற்கும் சோளப்பயிரிலோ, அறுத்தபின் துளிர்த்த மறுதாம்பிலோ மாட்டை விடலாகாது என்பது இந்நாட்டுச் சிறுவர்களுக்கும் தெரிந்த எச்சரிக்கை. இளஞ்சோளத்தில் சயனைடு ஒரு சர்க்கரையோடு பிணைந்த நிலையில் இருக்கிறது. பிணைப்பு அவிழும் வரை அது தீங்கற்றது. அதை மிக விரைவாக அவிழ்த்துவிடுபவை முதல் இரைப்பையின் நுண்ணுயிர்களே. ஆகையால் குதிரையைவிட மாட்டுக்கே அது கொடிய நஞ்சாகிறது. சில நிமிஷங்களில் மாடு மூச்சுத் திணறி விழுந்துவிடும். கதிர் முற்றி, அறுத்துக் காயவைத்துப் போராக அடுக்கிய சோளத்தட்டில் அந்த அபாயம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

பருத்திக்கொட்டையில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியைக் காண்கிறோம். ஆலைகளும் பருத்திக் காடுகளும் பெருகிய கோயம்புத்தூர்ச் சீமையில், கொட்டையை ஊறவைத்து ஆட்டி எருதுக்குக் கொடுப்பது பழைய வழக்கம். அதிலுள்ள காசிப்பால் என்னும் நஞ்சு கோழிக்கும் இளங்கன்றுக்கும் தீங்கானது. வளர்ந்த மாட்டின் முதல் இரைப்பையோ அதில் பெரும்பகுதியைப் பிணைத்துச் செயலறச் செய்துவிடுகிறது. சோளத்தில் கட்டவிழ்த்து மாட்டைக் கொல்லும் அதே அறை, பருத்தியில் கட்டிப்போட்டு மாட்டைக் காக்கிறது.

இவ்விரண்டினும் தெளிவான சான்று சவுண்டல் என்று நாம் அழைக்கும் சூபாபுல் மரத்தைப் பற்றியது. அதன் தழையிலுள்ள மிமோசின் என்னும் பொருளால் ஆஸ்திரேலியாவில் மாடுகளுக்கு மயிர் உதிர்வதும் கழலை வீங்குவதும் கண்டு மேய்ச்சல்காரர் அஞ்சினர். ஹவாய்த் தீவிலோ அதே தழையை ஆடுகள் தீங்கின்றித் தின்றன. காரணம் மரத்தில் இல்லை, ஆட்டிலும் இல்லை, ஆட்டின் வயிற்றிலுள்ள ஒரு பாக்டீரியாவில் இருக்கலாம் என்று ஊகித்த ரேமண்ட் ஜோன்ஸ் என்னும் ஆய்வாளரும் அவர் தோழரும், ஹவாய் ஆட்டின் நுண்ணுயிர்களை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குள் செலுத்தி அவற்றைக் காத்துக் காட்டியதை 1986-இல் வெளியிட்டனர். அந்தப் பாக்டீரியாவுக்கு 1992-இல் ஜோன்ஸின் பெயரே சூட்டப்பட்டது. ஒரு பிராணிக்கு எது உணவு, எது நஞ்சு என்பதை அதன் சரீரத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது என்பதற்கு இதனினும் வலிய பிரமாணம் வேண்டுவதில்லை.

சாணத்தின் வழி

மாடு மேய்ந்து எடுத்தவற்றுள் நைட்ரஜனிலும் சாம்பற்சத்திலும் பெரும்பங்கு சாணமாகவும் கோமியமாகவும் நிலத்துக்கே திரும்புகிறது. சாணி வண்டுகள் அதை உருட்டியும் புதைத்தும் மண்ணுக்குள் இறக்குகின்றன. உலர்ந்த சாணத்தையும் உதிர்ந்த சருகையும் கறையான் எடுத்துச் செல்கிறது. அக்கறையான் வகைகள் சிலவும் நாரைத் தாமே ஜீரணிப்பதில்லை. புற்றுக்குள் பூஞ்சைத் தோட்டம் வளர்த்து, அது பக்குவப்படுத்தியதை உண்கின்றன. மழை பெய்த சில நாட்களில் புற்றோரம் கூட்டமாகத் தலைகாட்டும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்தின் வெளிப்பாடே. மேச்சேரி ஆட்டுப் பட்டிகளை இரவில் வயலில் அடைத்து நிலத்தை உரமேற்றும் வழக்கம், கொறங்காட்டின் செழிப்பில் ஒரு பகுதியைத் தோட்டத்துக்கு மாற்றும் உபாயம். புல்லின் வேரில் தொடங்கிய வட்டம் இவ்வாறு மீண்டும் வேரிடமே வந்து சேர்கிறது.

இவ்வட்டத்தினின்றும் ஓர் உறுப்பை மட்டும் பிரித்தெடுத்து வேறிடத்தில் வைத்தால் என்ன நேரும் என்பதற்கும் உதாரணம் உண்டு. நம் கொழுக்கட்டைப் புல் ஆஸ்திரேலியப் பாலைவனங்களுக்கும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்கும் சென்றது. அங்கே வேலியும் முறைமேய்ச்சலும் இல்லாத பெருவெளிகளில் கட்டுக்கடங்காமல் பரவி, உலர்ந்தபின் தீக்கு இரையாகி, உள்நாட்டுத் தாவரங்களையும் எரித்து அழிக்கும் களையாக அங்குள்ளோரால் வெறுக்கப்படுகிறது. காங்கேயத்தில் வரமாக நிற்கும் அதே புல், துணைகளைப் பிரிந்த இடத்தில் சாபமாகிறது.

இன்றைய நிலை

1953-இல் கோயம்புத்தூரில் கம்பையும் நேப்பியர் புல்லையும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய கம்பு நேப்பியர், இன்று கிணற்றுப் பாசனமுள்ள பண்ணையங்களில் எங்கும் காணப்படுகிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பிற்கால இரகங்கள் ஏக்கருக்குக் கொட்டிக் கொடுக்கும் பசுந்தீவனம் கலப்பினப் பசுக்களின் பாலாக மாறிக் குடும்பங்களைக் காக்கிறது. அதன் பயனை மறுப்பது நியாயமாகாது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் கறப்பது அரிதான காங்கேயம் பசுவால் பால் வருமானத்தில் அவற்றோடு போட்டியிட இயலாது. ஆனால் கட்டுத்தரையில் நிற்கும் கலப்பினப் பசு, தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணற்றையும், புரதத்துக்குக் கடைப் புண்ணாக்கையும், புல்லின் நைட்ரஜனுக்கு யூரியா மூட்டையையும் நம்பியிருக்கிறது. கொறங்காட்டில் பயற்றங்கொடியும் வெள்வேலும் வேர்ப்பூஞ்சையும் சாணி வண்டும் கூலியின்றிச் செய்த வேலைகள் ஒவ்வொன்றும் இங்கே விலை கொடுத்து வாங்கப்படுகின்றன. ஆனால் பால் கணக்கை எழுதும் ஏட்டில் கொறங்காட்டின் இந்த வரவுகளுக்குப் பத்தியே இல்லை. கொறங்காடுகள் வீட்டுமனைகளாகவும் தென்னந்தோப்புகளாகவும் சூரியமின் நிலையங்களாகவும் மாறும்போது இழப்பைப் புல்லின் எடையில் மட்டும் கணக்கிடுவது இதனால்தான்.

அந்த ஏட்டுக் கணக்கின் பிழை ஆண்டுக்கொரு முறை பட்டிப் பொங்கலன்று உயிர்ச்சேதமாகவே வெளிப்படுவதுண்டு. குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, அன்பின் மிகுதியால் தவலை தவலையாகப் பொங்கலையும் சோற்றையும் மாட்டுக்கு ஊட்டிவிட, மறுநாள் அது தீனியெடுக்காமல், அசைபோடாமல், வயிறு கனத்துச் சாய்ந்துவிடுகிறது. வெந்த அரிசியின் மாவு நாரைப்போல் மெல்ல அவிழ்வதன்று. சில மணி நேரத்தில் லாக்டிக் அமிலம் பெருகி, நார் உண்ணும் நுண்ணுயிர்கள் கூட்டங்கூட்டமாக மடிகின்றன. அமிலம் இரத்தத்திலும் ஏறிவிட்டால் மாட்டைக் காப்பது அரிது. மனிதனுக்குச் சிறந்த உணவு மாட்டுக்கும் சிறந்தது என்று எண்ணி மாட்டுக்கு ஊட்டியவர், மாட்டுக்கு ஊட்டுகின்ற உண்மையான கூட்டத்தைப் பட்டினியால் அன்றி மிகுதியால் கொன்றுவிடுகிறார். கால்நடை மருத்துவர்கள் ஒவ்வொரு தை மாதமும் இதை எச்சரித்து வருகின்றனர்.

இதுவரை ஆராய்ந்தவற்றால் சில முடிவுகளுக்கு வரலாம். தாவரம் சமைப்பது, பிராணி உண்பது என்னும் பகுப்பு வெளிச்சத்தின் சக்தி எவ்வழியே உயிர்களுக்குள் நுழைகிறது என்பதைச் சொல்கிறது. அந்தச் சக்தியைத் தசையாகவும் பாலாகவும் ஆக்க வேண்டிய நைட்ரஜனும் மணிச்சத்தும் எவ்வழியே கை மாறுகின்றன என்பதைச் சொல்வதில்லை. வறண்ட நாட்டில் முட்டுப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியே. அங்கே வெளிச்சத்துக்குக் குறையில்லை. ஆகவே ஒரு தீவனத்தை மதிப்பிடும்போது, அது மாட்டுக்கு எத்தனை லிட்டர் பால் தரும் என்பதோடு, மாட்டின் வயிற்றிலும் நிலத்தின் வேரிலும் உள்ள கூட்டாளிகளுக்கு அது என்ன தருகிறது என்றும் கேட்க வேண்டும். கொறங்காட்டை மீட்கும் முயற்சிகளும் காங்கேயம் இனத்தைக் காக்கும் முயற்சிகளும் இன்று தனித்தனி ஏற்பாடுகளாக நடைபெறுகின்றன. நிலத்தை விட்டு இனத்தை மட்டும் காப்பது, இன்னோர் இனத்தைக் கட்டுத்தரையில் கட்டித் தீவன மூட்டைக்கு ஒப்படைப்பதாகவே முடியும். காக்கத் தக்க அலகு கிளுவை வேலிக்குள் அடங்கிய முழு நிலமே என்பதை மானியம் வகுப்போரும் ஆய்வு செய்வோரும் ஏற்றுக்கொண்டால், புல்லும் மரமும் மாடும் ஒரே திட்டத்தின் கீழ் வரும்; அப்போதுதான் அத்திட்டத்துக்குப் போடும் பணம் அந்நிலத்திலேயே தங்கிப் பயன் தரும்.